காப்டன் டிரைப்

கங்கைகொண்ட சோழபுரத்து மதில்

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அண்மையில், கங்கைகொண்ட சோழபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. வயல்களும் சிறு வீடுகளும் சூழ்ந்த அவ்வூரில் வானளாவி நிற்கின்றது ஒரு கற்கோயில். கங்கைக் கரைவரை படை செலுத்தி வெற்றி பெற்ற முதலாம் இராசேந்திர சோழன் பதினொன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. சோழப் பேரரசின் தலைநகராக ஏறத்தாழ 250 ஆண்டுகள் அவ்வூர் சிறப்புற்றிருந்தது. பின்னர்க் காலம் மாறியது. மன்னர் வாழ்ந்த மாளிகை மண்மேடாயிற்று. கோயில் ஒன்றே பழம்பெருமைக்குச் சான்றாக எஞ்சி நின்றது.

அக்கோயிலைச் சூழ்ந்து முன்னாளில் கருங்கல்லால் அமைந்த பெருமதில் ஒன்று இருந்தது. 1836-ஆம் ஆண்டில், அவ்வூருக்கு அண்மையில் ஓடும் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. ஆற்று நீரைத் தேக்கி வயல்களுக்குப் பாய்ச்சுவது நற்பணியே. அதனை எவரும் குறைகூறார். ஆயின் அணைக்கு வேண்டிய கல்லைப் பெறுவதற்குக் கும்பினி அரசின் பணியாளர் கோயில் மதிலைப் பெயர்த்தெடுத்தனர். சிற்ப வேலைப்பாடு அமைந்த கற்களும் அவற்றோடு சென்றன. ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்துப் பார்த்தனர். தடுத்தவர்க்குத் தண்டனை கிடைத்ததேயன்றிப் பயன் ஒன்றும் விளையவில்லை. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் ஒன்று கட்டித் தரப்படும் என்று வாக்களித்தனர்; அவ்வாக்கும் காப்பாற்றப்படவில்லை. இச்செய்தியை 1855-ஆம் ஆண்டில் வெளிவந்த குறிப்பொன்று வருத்தத்தோடு எடுத்துரைக்கின்றது.

இடிபடுமுன் அம்மதில் எவ்வாறு விளங்கிற்று? அதன் கற்களில் எவ்வெவ்வுருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன? இவற்றைக் காட்டுதற்கு ஒரு நிழற்படமும் இல்லை, இருத்தற்கும் வழியில்லை. பொருள்களின் உருவை ஒளியால் பதியச்செய்யும் கலை உலகத்தார்க்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில்தான். மதில் இடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்கலை பிறந்தது எனலாம்.

அக்கலை இந்நாட்டிற்கு வந்தபொழுது, பழைய கட்டடங்கள் அழிந்துபோகுமுன் அவற்றின் உருவத்தையேனும் காத்துவைக்க வேண்டும் என்று கருதி உழைத்தோர் சிலர் இருந்தனர். அவருள் தலைசிறந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை அரண்மனையையும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் ஒரு நூற்றாண்டுக்கு மிகவும் முன்னரே நிழற்படமாக்கி உலகுக்கு அளித்தவர் அவரே.

இளமையும் படைப்பணியும்

டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், பின்னர் டெவன்போர்ட் எனப் பெயர் பெற்ற துறைமுக ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் அறுவை மருத்துவர். பன்னிரு மக்களைப் பெற்ற பெரிய குடும்பம் அது. செடி கொடிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் நாட்டுப் பேரறிஞரின் பெயரை நினைவூட்டும் லின்னேயஸ் என்னும் பெயர் அவருக்கு இடப்பட்டது. பெயருக்கு ஏற்பவே, எதனையும் கூர்ந்து நோக்கி ஒழுங்குபடுத்தும் இயல்பு பிற்காலத்தில் அவரிடம் அமைந்திருந்தது.

இளமையிலேயே, 1838-ஆம் ஆண்டில், அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் சேர்ந்தார். சென்னை மாகாணத்துப் படைப்பிரிவு ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. 1840-ஆம் ஆண்டில் லெப்டினண்ட் ஆனார். அடுத்த பத்தாண்டுகள் அவர் வாழ்க்கை பிற படைவீரரின் வாழ்க்கை போன்றே கழிந்தது. அணிவகுப்பும் காவலும் பாசறை மாற்றமுமே அவருடைய அன்றாடப் பணிகள். அவர் ஒரு கலைஞராவார் என்று அந்நாளில் எவரும் எண்ணியிரார்.

புதிய கலை

1850-ஆம் ஆண்டையொட்டி டிரைப் விடுப்புப் பெற்றுத் தாய்நாடு சென்றார். உடல்நலக் குறைவால் அவ்விடுப்பு நீண்டது. அவ்வாண்டுகளில் இங்கிலாந்து எங்கும் நிழற்படக்கலை பற்றியே பேச்சாக இருந்தது. 1851-ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பெரும்பொருட்காட்சியில் மக்கள் நிழற்படங்களைக் கண்டு வியந்தனர். டிரைப்பும் அக்கலையில் ஈடுபாடு கொண்டார். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் நிழற்படக் கழகத்தில் உறுப்பினரானார். நோயால் வந்த ஓய்வு அவருக்குப் புதியதொரு வாழ்வைத் திறந்துவிட்டது.

இந்நாளில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் படம் கிடைக்கின்றது. அந்நாளில் ஒரு படம் எடுப்பது ஒரு நாள் வேலை. டிரைப் கையாண்ட முறையில் முதலில் நல்ல தாளைத் தேர்ந்தெடுத்து மெழுகு ஊட்ட வேண்டும். பின்னர் அதனை மருந்து நீரில் தோய்த்து, வெள்ளி உப்பு படியச் செய்ய வேண்டும். ஒளிபட்டால் கருக்கும் இயல்புடையது அவ்வுப்பு. ஆதலின் இவ்வேலைகளில் முதன்மையானவற்றை இருட்டறையிலேயே செய்தல் வேண்டும். இவ்வாறு செய்த தாளைப் பெரிய மரப்பெட்டி போன்ற கருவியினுள் பொருத்தி, வில்லையின் வழியாக வரும் ஒளியை அதன்மீது பல நிமிடங்கள் விழச்செய்வர். அத்தாளை மீண்டும் மருந்து நீரில் தோய்த்தால் உருவம் தோன்றும். ஆயின் வெண்மையாக இருப்பன கருமையாகவும், கருமையாக இருப்பன வெண்மையாகவும் அதில் காணப்படும். இதனை மூலப்படம் என்று கொள்ளலாம். இம்மூலப்படத்தை மருந்து பூசிய வேறொரு தாளின்மீது வைத்து வெயிலில் காட்டினால்தான் உண்மை உருவம் அமைந்த படம் கிடைக்கும். ஒரு மூலப்படத்தினின்றும் பல படிகள் எடுக்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு.

டிரைப்பின் கருவி மிகப் பெரியது. அவர் எடுத்த மூலப்படம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அங்குலமும் 15 அங்குலமும் பக்க அளவு உடையது. குளிர்ந்த இங்கிலாந்தில் செய்வதற்கே அரிய இவ்வேலையை வெப்பமும் புழுதியும் மிக்க நாட்டில் செய்வது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெயிலின் கடுமையால் மருந்துகளின் இயல்பு மாறும். கிணற்று நீர் ஊருக்கு ஊர் வேறுபடும். காற்றில் ஒரு தூசி பறந்து தாளில் ஒட்டினும் படம் கெடும். இத்தனை இடர்களையும் பொறுமை ஒன்றையே துணையாகக் கொண்டு வென்றார் அவர்.

ஹளேபீடும் பேலூரும்

1854-ஆம் ஆண்டில் டிரைப் மீண்டும் இந்தியாவிற்கு வந்தார். அப்பொழுது அவர் காப்டன் என்னும் பதவி உயர்வு பெற்றிருந்தார். பெங்களூரில் அவருடைய படைப்பிரிவு தங்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில், படைமருத்துவராகிய ஆண்டுரு நீல் என்பவருடன் ஹளேபீடு, பேலூர் என்னும் ஊர்களுக்குச் சென்றார். போசளர் எழுப்பிய அவ்வூர்க் கோயில்களின் சிற்பங்கள் தந்தத்தில் செதுக்கியவை போன்று நுண்மை மிக்கவை. ஓவியர் ஒருவர் அவற்றை முழுதும் வரைய முற்பட்டால் ஆண்டுகள் பல கழியும். வரைந்த பின்னும் கல்லில் உள்ளதற்கும் தாளில் உள்ளதற்கும் வேறுபாடு இருக்கும். டிரைப்பின் கருவியோ சிற்பங்களின் நுட்பங்களைச் சில நிமிடங்களில் பதித்துக்கொண்டது.

1855-ஆம் ஆண்டில் சென்னையில் தென்னிந்திய விளைபொருள்கள், கலைகள், கைத்தொழில்கள் ஆகியவற்றின் பொருட்காட்சி நடைபெற்றது. டிரைப் தாம் எடுத்த 68 படங்களை அதில் வைத்தார். அதற்குமுன் எவரும் படமெடுத்திராத கோயில்களின் படங்கள் அவை. தாளில் எடுத்த காட்சிப் படங்களுள் அவையே சிறந்தவை என நடுவர்கள் தீர்ப்பளித்தனர். படைத்தலைவரின் பொழுதுபோக்காக இருந்த கலை, அன்றுமுதல் நாட்டுக்குப் பயன்படும் கலையாயிற்று.

கும்பினியின் இயக்குநர்களும் அவ்வாண்டிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். பழைய கட்டடங்களைப் பதிவு செய்தற்கு ஓவியரினும் நிழற்படக் கலைஞரே ஏற்றவர் என்பது அம்முடிவு.

பர்மாப் பயணம்

1855-ஆம் ஆண்டில் தலைமை ஆளுநர் டல்ஹவுசிப் பிரபு, பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஆர்தர் ஃபேர் அதன் தலைவர். அக்குழுவில் நிழற்படக் கலைஞராக டிரைப் அமர்த்தப்பட்டார். ஐராவதி ஆற்றின் வழியே அவர்கள் சென்றனர். பகான் நகரத்துப் பழங்கோயில்களையும், தலைநகராகிய அமரபுரத்தின் மர வேலைப்பாடு மிக்க மடங்களையும் அரண்களையும் டிரைப் படமெடுத்தார். மழையும் நோயும் அவரைப் பல நாள் முடக்கின. எனினும் 200-க்கு மேற்பட்ட மூலப்படங்களோடு அவர் திரும்பினார்.

அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 படிகள் எடுக்குமாறு அரசு பணித்தது. எனவே 6,000 படிகளை அணியம் செய்தல் வேண்டும். பெங்களூர் வெயிலை நம்பி அவ்வளவு படிகளையும் அவர் செய்து முடித்தார். வானம் மூடிய நாள்களில் வேலை நின்றது. வெயில் வந்தபொழுது தொடர்ந்தது.

தூதுக்குழு நாடிச் சென்ற உடன்படிக்கை கைகூடவில்லை. ஆயினும் படங்களின் பயன் விரைவிலேயே விளங்கிற்று. 1857-ஆம் ஆண்டில் மிண்டோன் மன்னர் மாந்தளை என்னும் புதிய தலைநகரை அமைக்கத் தொடங்கினார். அமரபுரத்து அரண்மனைக் கட்டடங்கள் பிரிக்கப்பட்டு யானைகளின்மீது புதிய நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. பழைய தலைநகர் வெறுமையாயிற்று. அந்நகர் உயிரோடு விளங்கிய காலத்தின் தோற்றத்தை டிரைப்பின் படங்களே இன்று நமக்குக் காட்டுகின்றன. ஒரு பொருள் மறையுமுன் அதனைப் படமெடுத்து வைத்தல் வேண்டும் என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நான்கு மாட்டு வண்டிகள்

சென்னை அரசு டிரைப்பைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1857-ஆம் ஆண்டில் அவர் அப்பணியைத் தொடங்கினார். மாகாணத்தில் உள்ள பழம்பொருள்களும் கட்டடங்களும் சிற்பங்களும் மறைந்துபோவதற்குமுன் அவற்றைப் படமெடுத்தலே தம் பணியின் முதல் நோக்கம் என்று அவர் வகுத்துக்கொண்டார். மறைந்துபோவதற்குமுன் என்னும் எண்ணமே அவர் உழைப்புக்கு உயிர்நாடியாக இருந்தது.

1857-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடநாட்டில் கும்பினி ஆட்சியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. கருவியும் மருந்துப் புட்டிகளும் தாள்கட்டுகளும் நான்கு மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டன. சேலம் மாவட்டத்தில் அந்நாள் அடங்கியிருந்த இராயக்கோட்டையின் மலையரணும், காவிரித் தீவிலே விளங்கும் திருவரங்கமும், திருச்சிராப்பள்ளியும், புதுக்கோட்டையும், மதுரையும், தஞ்சையும், திருவையாறும் அவருடைய படங்களில் இடம்பெற்றன. ஏறக்குறைய நாலரைத் திங்கள் நீடித்த அப்பயணத்தில் அவர் 250-க்கு மேற்பட்ட பெரிய மூலப்படங்களை எடுத்தார். கண்ணாடித் தகட்டில் சிறு இரட்டைப் படங்களையும் எடுத்தார். இரட்டைப் படங்களை அவற்றுக்குரிய கருவியில் வைத்து நோக்கினால், பொருள்கள் கனமும் ஆழமும் உடையனவாய்த் தோன்றும்.

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை அந்நாளில் பாழடைந்து கிடந்தது. பின்னாளில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது பழுது பார்க்கப்பட்டது. பழுது பார்ப்பதற்கு முன்னர் அதன் பெருந்தூண்களும் வளைவுகளும் எந்நிலையில் இருந்தன என்பதை டிரைப்பின் படங்கள் காட்டுகின்றன. வண்டியூர்த் தெப்பக்குளத்தையும், ஊருக்கு அருகே யானை போலக் கிடக்கும் மலையையும் அவர் படமெடுத்தார்.

அக்காலத்து மருந்துத் தாளுக்கு ஒரு குறை உண்டு. நீல நிறத்தை அது வெண்மையாகவும், பச்சை நிறத்தைக் கருமையாகவும் காட்டும். ஆகவே வானம் வெறும் வெள்ளைத் தாளாகவும், மரத்தின் இலைகள் கரிய திரளாகவும் தோன்றும். டிரைப் மூலப்படத்தின்மீது மெல்லிய வண்ணம் தீட்டி, வானில் மேகத்தையும் மரங்களில் ஒளியையும் வருவித்தார். வானத்தின் வெறுமையைத் தூரிகையால் நிரப்பிய அவர், கோயிலின் வடிவத்தைக் காட்டும் பொறுப்பை ஒளிக்கே விட்டார்.

கல்வெட்டைக் காட்டிய சுருள்

டிரைப்பின் படங்களுள் முடிமணியாக விளங்குவது தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்தது. 1858-ஆம் ஆண்டில் அவர் அங்குச் சென்றபொழுது தஞ்சை தன் அரசை இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண்மகவின்றி மறைந்தார். அதன்பின் அரசு கும்பினியின் கையில் சேர்ந்தது. மன்னர் மாறினும் முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய கோயில் மாறாது நின்றது.

விமானத்தையும் கோபுரங்களையும் நந்தியையும் அவர் படமெடுத்தார். பின்னர் எவரும் நினையாத ஒன்றைச் செய்ய முற்பட்டார். விமானத்தின் அடிப்பகுதியில் கல்லிலே வெட்டிய எழுத்துகள் வரிவரியாகச் சென்றுகொண்டிருந்தன. நெடுந்தூரம் செல்லும் அவ்வெழுத்துகளை ஒரே படத்தில் அடக்க இயலாது. தொலைவில் நின்று எடுத்தால் எழுத்துத் தெரியாது. அருகில் நின்று எடுத்தால் சிறு பகுதியே அகப்படும். ஆகவே டிரைப் கருவியைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, பகுதி பகுதியாக 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரே சுருளாக்கினார்.

இச்செயலின் அருமையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். படங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், கருவிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தொலைவு மாறக்கூடாது. கருவியின் உயரமும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒரு தாள் கெட்டாலும் வரி அறுந்துபோகும். படமெடுத்தவர்க்கோ அவ்வெழுத்துகள் அயல்மொழியின் எழுத்துகள். தமக்குப் பொருள் விளங்காத ஒன்றை, அதனைப் படிக்க வல்ல அறிஞர்க்குப் பயன்படுமாறு, வரி பிறழாமல் எடுத்துவைத்தார் அவர்.

அக்கல்வெட்டுகளின் செய்தி உலகுக்கு முழுதும் விளங்கப் பின்னரும் பல ஆண்டுகள் சென்றன. 1886-ஆம் ஆண்டில் சென்னையில் கல்வெட்டு ஆய்வாளராக அமர்ந்த ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தார். அப்பெருங்கோயிலைக் கட்டியவன் இராசராச சோழனே என்பது அவற்றால் ஐயமற விளங்கிற்று. மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அளித்த கொடைகளையும், விளக்கெரித்தற்கும் வழிபாட்டிற்கும் வகுத்த முறைகளையும் அக்கல்வெட்டுகள் விரிவாக மொழிகின்றன. இராசராசன் மைந்தனாகிய இராசேந்திரன் பெற்ற வெற்றிகளும் அக்கோயிலில் கல்லெழுத்தாக நிற்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தின் தலைவன் புகழைத் தஞ்சைக் கற்களும் பேசுகின்றன. கல்லின் பெருமை அதன் கனத்தில் இல்லை. அது தாங்கி நிற்கும் சொல்லிலும் உள்ளது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கடல் கடந்த சிற்பங்கள்

1858-ஆம் ஆண்டு நடுவில் டிரைப் சென்னை அடைந்தார். அங்கே அரசினர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருந்தன. கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபத்தைச் சார்ந்தவை அவை. 1845-ஆம் ஆண்டில் வால்டர் எலியட் அவற்றைத் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். டிரைப் அச்சிற்பங்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டிலேயே அவை கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. இன்று அவற்றைப் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் காணலாம். நாட்டை விட்டு நீங்குமுன் அவை இருந்த நிலைக்கு டிரைப்பின் படங்களே சான்று.

பணி நின்றது

பயணத்தில் எடுத்த படங்களை முட்டையின் வெண்கரு பூசிய தாள்களில் படியெடுத்து, ஊர்தோறும் தனித்தனித் தொகுதிகளாக டிரைப் வெளியிட்டார். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை, இராயக்கோட்டை ஆகிய ஊர்களின் பெயர்களை அத்தொகுதிகள் தாங்கின. இன்னும் பல ஊர்கள் எஞ்சியிருந்தன. கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரால் ஒரு தொகுதியும் வெளிவரவில்லை. காலம் வாய்த்திருந்தால் அந்நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளையும் அவர் கருவி கண்டிருத்தல் கூடும்.

ஆனால் காலம் வாய்க்கவில்லை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதில் அரசின் கருவூலம் வறண்டது. 1859-ஆம் ஆண்டில் சார்லசு டிரெவெலியன் சென்னை ஆளுநராக வந்தார். செலவுகளைக் குறைத்தலே அவர் மேற்கொண்ட முதற்பணி. நிழற்படம் என்பது அரசின் அன்றைய நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என அவர் கருதினார். டிரைப்பின் பணியை நிறுத்துமாறு ஆணை பிறந்தது. 1860-ஆம் ஆண்டளவில் அவருடைய நிழற்படக்கூடம் கலைக்கப்பட்டது.

ஆளுநரையும் முற்றிலும் குறைகூற இயலாது. வறுமையுற்ற கருவூலத்தைக் காப்பது அவர் கடமை. ஆயினும் ஓர் உண்மை எண்ணத்தக்கது. பணம் பின்னர் வந்து சேரும். இழந்த காலமும் இடிந்த கல்லும் வந்து சேரா. செலவு எனக் கணக்கில் எழுதப்பட்ட அப்படங்களே இன்று விலைமதிக்கவொண்ணாச் செல்வமாக மதிக்கப்படுகின்றன.

டிரைப் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. கலைஞராக அவர் வாழ்ந்த காலம் பத்தாண்டுகளுக்கும் குறைவு. படைவீரராக வாழ்ந்த காலமோ முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எனினும் படைவீரராக அவர் செய்தவற்றை இன்று நினைப்பார் இலர். 1873-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய அவர், 1875-ஆம் ஆண்டில் மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புப் பட்டத்துடன் ஓய்வு பெற்றார். பிறந்த ஊரிலேயே அமைதியாக வாழ்ந்து, 1902-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், 2014, 2015-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவில் வாசிங்டன், நியூயார்க்கு நகரங்களிலும் இங்கிலாந்தில் இலண்டன் மாநகரிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

படமும் காவலும்

டிரைப் யார்? தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர்; தமிழ் நூல்களைக் கற்றவராகவும் அறியப்படவில்லை. அயலார் ஆட்சியின் படையில் ஊதியம் பெற்றுப் பணியாற்றியவர். கங்கைகொண்ட சோழபுரத்து மதிலை இடித்ததும், இருபது ஆண்டுகளுக்குப் பின் கோயில்களைப் படமெடுக்கப் பணம் அளித்ததும், பின்னர் அப்பணத்தை நிறுத்தியதும் ஒரே அரசே. அவ்வரசின் ஆணைகள் மாறி மாறி வந்தன. ஆனால் தாம் மேற்கொண்ட வேலையைப் பிழையறச் செய்யும் உறுதி டிரைப்பிடம் மாறவில்லை. அதனால்தான் அவர் செய்தது நின்றது.

படம் கல்லுக்கு ஈடாகாது. தஞ்சைக் கல்வெட்டின் சுருளைக் கண்டவர் அக்கோயிலை நேரே கண்டவர் ஆகார். ஆயினும் ஒரு பொருளின் உருவம் பலர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அதனை மறைவாக அழித்தல் எளிதன்று. அழிப்பவரைக் கேள்வி கேட்கவும், சிதைந்ததைச் செப்பனிடவும் படம் துணை செய்யும். கங்கைகொண்ட சோழபுரத்து மக்கள் 1836-இல் தனித்து நின்று கேள்வி கேட்டனர். அவர்கள் கையில் சான்று காட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் குரல் ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லவும் இல்லை. எனினும் கோயிலைத் தம் உடைமையாகக் கருதித் தடுத்த அவ்வெளிய மக்களும், மறையுமுன் படமெடுக்க விரைந்த டிரைப்பும் ஒரே காவற்பணியையே செய்தனர் எனலாம்.

அக்காவற்பணி வீண்போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை 1987-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004-ஆம் ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலும் தாராசுரத்துக் கோயிலும் அப்பெருமையில் சேர்ந்தன. மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, மண்ணில் மறைந்த அரண்மனையின் செங்கற்சுவர்களை வெளிப்படுத்தியுள்ளனர்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் பிற இடங்களிலும் பெயர் அறியப்படாத சிறு கோயில்களும் நடுகற்களும் பழங்கோட்டைகளும் இன்னும் எத்தனையோ உள்ளன. அவற்றின் கல்லைப் பெயர்க்காமலும், எழுத்தின்மீது சுண்ணாம்பு பூசாமலும் காப்பது ஊரார் அனைவர்க்கும் உரிய கடமை. டிரைப் நான்கு வண்டிகளில் ஏற்றிச் சென்ற கருவியின் ஆற்றல் இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அவருக்கு இருந்த பொறுமையும், மறையுமுன் காக்க வேண்டும் என்னும் கவலையும் அதனோடு சேருமாயின், இனி எம்மதிலும் உருவம் தெரியாமல் மறைந்துபோகாது.